குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு

கொரோனாவால் நைல் நதிக்கரை மின்யா ஊரில் லாபம் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். இன்னொருவர் மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லபீப்.

மருந்துக்கடைக்காரரின் லாபத்தை ஊரே வாய் ஓயாமல் பேசியது. லபீப் தன் லாபத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இனிமேல் யாரும் சாமியாரின் கையை முத்தமிடக் கூடாது என்று உத்தரவு வந்ததே, அதைக் கேட்டதும் அவர் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காரணம் இருந்தது. அவர்களுடைய கிறிஸ்தவக் கோவில் சாமியார், 'எங்கள் தந்தை' என்ற பொருளில் ஊரே 'அபூனா' என்று கூப்பிடும் பீமென், குருப்பட்டம் வாங்குகிற வரைக்கும் வெறும் சாமேஹ். லபீப்பின் மனைவி முனீராவுக்குத் தங்கை மகன். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு லபீப்பின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றிய பயல். அடுத்த வீட்டு மாமரத்தில் ஏறினவனைக் காதைத் திருகி இறக்கியவர் லபீப்தான். அந்தப் பயல் படித்து, கல்யாணம் கட்டி, தாடி வளர்த்து, ஒரு நாள் கறுப்பு அங்கியோடு வந்து நின்றான். ஊரே குனிந்து கையை முத்தமிட்டது. லபீப்பும் குனிந்தார். உதடு கையைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே 'இச்' என்று சத்தம் கொடுத்துவிட்டு நிமிர்ந்துவிடும் வித்தையை அன்றைக்கே கற்றுக்கொண்டார். அதாகி ஏழு வருஷம்.

கை முத்தத்தையாவது ஒரு 'இச்'சில் முடித்துவிடலாம். செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை எப்படி முடிப்பது? அவன் எதிரே உட்கார்ந்து, "என் பிதாவே, நான் பாவி" என்று ஆரம்பிக்க வேண்டும். யாரிடம்? எவன் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தாரோ அவனிடம்!

ஆனாலும் இதெல்லாம் பெரிதாகிப் போனதற்குக் காரணம் ஒரு கிளாஸ் டீ. பழைய சாமியார் காலமாகி, சாமேஹ் பொறுப்பேற்ற புதிது. பூசையில் நன்மை, அதாவது அப்பமும் திராட்சரசமும், வாங்குகிறவர்கள் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடக் கூடாது. முனீரா விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதற்காக விடிந்ததுமே கோவிலுக்குப் போய்விடுவாள். லபீப் சவரம் செய்துகொண்டு மெல்ல வருவார். அப்படி வருகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் பின்தெருவில் மஹ்ரூஸ் டீக்கடையில் யாரோ கூப்பிட, பழக்க தோஷத்தில் கை நீண்டுவிட்டது. பாதி கிளாஸ் உள்ளே போன பிறகுதான் நாள் என்னவென்று நினைவு வந்தது. சரி, அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் முனீரா கேட்டாள்.

"நன்மை வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன், ஆண்டவனுக்கு நன்றி."

வாய் தவறி வந்த பொய்தான். ஆனால் பொய் சொன்னவன் அதை அறிக்கையிடாமல் அடுத்த வாரம் நன்மை வாங்க முடியாது. அறிக்கையிடுவதென்றால் சாமேஹிடம். அவனிடம் சொல்வதும் சரி, அவன் அம்மாவிடம் சொல்வதும் சரி, முனீராவிடம் சொல்வதும் சரி என்று லபீப் தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். கேட்ட பாவத்தைச் சாமியார் வெளியே சொன்னால் பட்டம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அது மற்ற சாமியார்களுக்கு. சாமேஹுக்குச் சின்ன வயசிலேயே வாயில் கடலை ஊறாது. ஆகவே அடுத்த வாரமும் டீ, அடுத்த வாரமும் பொய். கோவிலில் ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். நன்மை வாங்குவதும் அவரவர் பக்கத்தில்தான். இவர் எழுந்தாரா உட்கார்ந்திருந்தாரா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒரு தொல்லை, கைக்குட்டை. நன்மை வாங்கினதும் ஒரு துணுக்கும் கீழே விழாமல் வாயைப் பொத்திக்கொள்ள ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பார்கள். முனீரா சனிக்கிழமை இரவே இரண்டு கைக்குட்டைகளை இஸ்திரி போட்டு மடித்து வைப்பாள். ஞாயிறு மதியம் அவற்றைத் தனியாக அலசி, நன்மை பட்ட அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பால்கனியில் இருக்கும் இரண்டு புதினாத் தொட்டிகளில் ஊற்றுவாள். அவளுடையது ஒன்றில், அவருடையது ஒன்றில். லபீப் வீட்டுக்கு வரும் வழியில் சட்டைப் பையில் கைவிட்டு, மடிப்புக் கலையாத கைக்குட்டையை நன்றாகக் கசக்கிவிடுவார். திருடனுக்குக்கூட அவ்வளவு கவனம் இராது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கொரோனா வந்து கோவிலைப் பூட்டினார்கள். பூசை டெலிவிஷனில். டெலிவிஷனில் யாரும் நன்மை கொடுப்பதில்லை. காலையில் எழுந்தோமா, டீயைக் குடித்தோமா, சோபாவில் சாய்ந்து பூசை பார்த்தோமா என்று லபீப்புக்கு அந்த மாதங்கள் சொர்க்கமாகக் கழிந்தன. முனீராதான் இளைத்துப் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு டெலிவிஷன் முன்னால் நின்றுகொண்டே அழுவாள்.

மறுபடி கோவில் திறக்கிறார்கள் என்ற சேதி வந்த அன்று அவள் கையில் செல்போனோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, பேர் பதிஞ்சுட்டேன்! வர்ற ஞாயிறு எட்டு மணிப் பூசை. நமக்கு இடம் கெடைச்சிருச்சு."

"ரொம்ப சந்தோஷம். நீ விசிறிக்குக் கீழ உக்காந்துக்கோ."

"விசிறியெல்லாம் போடமாட்டாங்களாம், காத்துல பரவுமாம். இது வேற மாதிரி. ஒரு பெஞ்சுக்கு ஒருத்தர்தான். ஆனா ஒரே வீட்டுல இருக்கிறவங்க ஒண்ணா உக்காரலாமாம். குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு!"

லபீப் கையிலிருந்த வெள்ளரிக்காயைக் கீழே வைத்தார்.

"ஒண்ணான்னா... நீயும் நானுமா?"

"பின்ன, என்னையும் மஹ்ரூஸையுமா உக்கார வைப்பாங்க? மூணாவது வரிசை. ரெண்டு பேரும் சேர்ந்தே உள்ள போகணும், சேர்ந்தே வெளிய வரணும். கல்யாணத்தன்னைக்கு அந்தக் கோவில்ல ஒண்ணா உக்காந்தோம், அதோட சரி."

அவள் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல் இருந்தது. தன் முகத்தை லபீப் பார்த்துக்கொள்ளவில்லை, பார்க்காதவரை நல்லது.

சனிக்கிழமை வரைக்கும் அவர் செய்யாத தந்திரம் இல்லை. முதலில் பயத்தைக் கிளப்பிப் பார்த்தார்.

"இந்த வயசுல கூட்டத்துக்குள்ள போறது ஆபத்து முனீரா. எனக்கு வேற சர்க்கரை."

"முந்தாநாள் மீன் மார்க்கெட்டுல முண்டியடிச்சுட்டு வந்தீங்களே, அங்க கொரோனா மீன் வாங்க வரலையா?"

"அது திறந்த வெளி."

"வாயும் திறந்துதான் இருந்துச்சு. மாஸ்க்கைத் தாடைக்கு மாட்டிக்கிட்டு விலை பேசினீங்க."

அது எடுபடவில்லை. ஞாயிறு காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பால்கனியில் வெயில் விழும் இடத்தில் நெற்றியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கோவில் வாசலில் காய்ச்சல் பார்க்கிறவள் ரத்தீபா. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். முந்தின நாள் பூசைக்கே, சாமியாரின் மனைவி தும்மினாள் என்று அவளையே வாசலோடு திருப்பி அனுப்பியவள். நெற்றி சூடாக இருந்தால் தன்னையும் திருப்பி அனுப்புவாள் என்று லபீப் கணக்குப் போட்டார். ஆனால் வழியெல்லாம் நைல் நதிக் காற்று. ரத்தீபா காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியை அவர் நெற்றிக்கு நேரே பிடித்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தாள்.

"முப்பத்திநாலு. செத்தவனுக்குக்கூட இதைவிடச் சூடு இருக்கும் லபீப். உள்ள போங்க."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

"முப்பத்திமூணரை. சீக்கிரம் போங்க, பெட்டியில வைக்கிறதுக்குள்ள."

மூன்றாவது வரிசை. பெஞ்சில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். முனீரா உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். லபீப் உட்கார்ந்தார். சேர்ந்தே வந்ததால் டீ இல்லை. தலைக்குள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இத்தனை வருஷமாகக் கோவிலில் இவள் என்ன செய்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெபம் எல்லாவற்றையும் பாடகர்களுக்கு அரை வார்த்தை முன்னால் சொன்னாள். பாட்டை அவர்களுக்கு ஒரு வார்த்தை பின்னால் பாடினாள். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் மாஸ்க்குக்குள் முணுமுணுவென்று ஆண்டவனிடம் தனியாகப் பேசினாள். லபீப் காதைத் தீட்டினார். கனடாவில் இருக்கும் மகளின் முதுகுவலி. மாடி வீட்டுக்காரியின் தண்ணீர்க் குழாய். அப்புறம், "இந்த மனுஷனை விட்டுராதே சாமி, எதுவா இருந்தாலும் பரவாயில்ல, விட்டுராதே."

எதுவாக இருந்தாலும் என்றால்? லபீப்புக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் காது மடல் சூடானது. இந்தச் சூட்டை அரைமணி முன்னால் ரத்தீபாவிடம் காட்டியிருக்கலாம்.

"ஒருவரையொருவர் சமாதானத்தோடு வாழ்த்துங்கள்" என்று பாடகர் குரல் கொடுத்தார். முன்னெல்லாம் இந்த இடத்தில் ஆளாளுக்கு அக்கம்பக்கத்தார் உள்ளங்கையைத் தொட்டு, தன் விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். மனஸ்தாபம் இருப்பவர்கள் அதற்கு முன்னாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது நெஞ்சில் கைவைத்துத் தூரத்திலிருந்தே தலையசைத்தார்கள். ஆனால் ஒரே வீட்டுக்காரர்களுக்குத் தடையில்லை. முனீரா அவர் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டினாள். வருஷக்கணக்காகத் தேய்த்துத் துலக்கிய கைகள். லபீப் விரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டு, சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன, எனக்குக் கொரோனாவா?" என்று அவள் கண்ணால் சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. தன் பொய்யை இதுவரை அவர் டீக்கடையில்தான் பார்த்திருந்தார். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

கடைசியில் அந்த நேரமும் வந்தது. அபூனா பீமென் பீடத்தின் திரைக்கு வெளியே வந்து நின்றார். அப்பத்தைக் கையால் கொடுத்தாலும், திராட்சரசத்தை எல்லார் வாய்க்கும் ஒரே கரண்டியில்தான் கொடுப்பது வழக்கம். அந்தக் கரண்டியைப் பற்றி ஊரில் நடக்காத வாதம் இல்லை.

"வயசானவங்க, சீக்காளிங்க, பயமா இருக்கறவங்க இடத்துலயே உக்காந்து ஜெபிக்கலாம்" என்றார் அபூனா. "யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லக் கூடாது. இதுல குத்தம் இல்ல."

லபீப்புக்கு மூச்சு வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்து, அது நழுவி வாயிலும் விழுந்ததே! கரண்டிக்குப் பயந்தேன் என்றால் ஏழு வருஷப் பொய் தப்பித்தது. ஆனால் மறுநொடியே முதுகு கூசியது. மீசைக்காரன் லபீப், கரண்டிக்குப் பயந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று பின்வரிசை முழுக்கப் பார்க்கும். இல்லையென்றால் பேசாமல் எழுந்து போய் வாங்கிவிடலாம். டீகூடக் குடிக்கவில்லை, யாருக்குத் தெரியும்? அங்கேதான் அவருக்குக் கால் எழவில்லை. பெண்டாட்டியிடம் பொய் சொல்லுவார். அந்தக் கரண்டியிடம் சொல்ல மாட்டார்.

முனீரா எழுந்தாள். கைக்குட்டையை விரித்துப் பிடித்தாள். "எழுந்திருங்க."

"நீ போ."

"ஏன்?"

"கரண்டி" என்றார் லபீப், மாஸ்க்குக்குள். "ஒரே கரண்டி... எல்லார் வாயிலயும்... எனக்குச் சர்க்கரை வேற."

முனீரா மறுபடி உட்கார்ந்தாள். அவர் காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள். "மஹ்ரூஸ் ஒரே வாளித் தண்ணியில ஊர்க் கிளாஸையெல்லாம் முக்கி எடுக்கிறானே, அதுல குடிக்கும்போது வராத பயம் இங்க வந்துருச்சோ?"

லபீப் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றினார்.

"எந்த... மஹ்ரூஸ்?"

"நாலு கரண்டி சர்க்கரை போடுவானே, அந்த மஹ்ரூஸ். அவன் சம்சாரம் காய்கறிக் கடையில சொல்லி ஏழு வருஷம் ஆச்சு. கைக்குட்டையைக் கசக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு நனைக்கத் தெரியலையே! வாங்கினவங்க வாய் கழுவித் தண்ணி குடிச்சுத் துடைப்பாங்க, துணி ஈரமா இருக்கும். உங்களுது காஞ்சு கருவாடா வரும், சிகரெட் வாசத்தோட. உங்க தொட்டிப் புதினா ஒரு இலை விட்டிருக்கா?"

"தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு வாரமும் கேட்ட?"

"ஒரு வாரமாச்சும் நெசம் சொல்ல மாட்டீங்களான்னுதான்." அவள் கண் கலங்கியிருந்தது. "இப்பச் சொல்லுங்க. யாரு அவ?"

"எவ?"

"டீக்காக யாராச்சும் சாமியை விடுவாங்களா? டீ சாக்கு. சாமியார்கிட்டயே சொல்ல முடியாத பாவம்னா என்னவா இருக்கும்? உங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் ஃபிரியாலா?"

"ஃபிரியாலா?" லபீப்பின் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இரண்டு வரிசை தள்ளி யாரோ திரும்பினார்கள். "அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாதே! ஒரு நாள் பேப்பர் வெயிட்டை எறிஞ்சா!"

"அப்ப வேற யாரு?"

"யாரும் இல்ல, முனீரா. ஆண்டவன் சத்தியமா டீதான். மறந்து குடிச்சேன். உங்கிட்டப் பொய் சொன்னேன். அதை இவன்கிட்டப் போய்ச் சொல்லணுமே! இவன் மூக்கை நான் துடைச்சிருக்கேன், முனீரா. காதைத் திருகியிருக்கேன். இவன்கிட்ட மண்டி போட்டு, 'என் பிதாவே, டீ குடிச்சேன்'னு எப்படிச் சொல்லுவேன்?"

முனீரா அவரையே பார்த்தாள். அப்புறம் பீடத்தருகே நிமிர்ந்து நின்ற அபூனா பீமெனின் மூக்கைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அடக்கிப் பார்த்தாள். கைக்குட்டையை மாஸ்க்குக்கு மேலே வைத்து அழுத்தினாள். உள்ளே போன சிரிப்பு வழி கிடைக்காமல், தூபப் புகையையும் இழுத்துக்கொண்டு, இருமலாக வெடித்து வெளியே வந்தது.

மற்ற நாளாக இருந்தால் யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்கள். இந்த நாளில் பாடகர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். முன்வரிசை முன்னாலும் பின்வரிசை பின்னாலும் நகர்ந்தன. முனீரா இருமிக்கொண்டே, "இருமல் இல்ல, சிரிப்பு, சிரிப்பு" என்று கையாட்டினாள். பூசையில் சிரித்தேன் என்பதை யார் நம்புவார்கள்? வாசலிலிருந்து ரத்தீபா துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய. எதையும் தொடாதீங்க. ரெண்டு வாரத்துக்குக் கோவில் பக்கம் வரக் கூடாது."

"நான் இருமலையே!" என்றார் லபீப்.

"ஒரே வீடு, ஒரே பெஞ்சு, ஒரே இருமல்" என்றாள் ரத்தீபா.

முற்றத்தில் எலுமிச்சை மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, சாமியார் வந்து பார்க்கும்வரை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். முனீரா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது சிரிப்பாக இல்லை. லபீப் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனார்.

"அசையக் கூடாதுன்னாளே" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒரே வீடுதானே. ஏன் அழற? அதான் ஃபிரியால் இல்லைன்னு சொல்லிட்டேனே."

"ஏழு வருஷம்! ராத்திரி நீங்க குறட்டை விடுவீங்க. நான் முழிச்சுக்கிட்டு, என்ன பாவமோ, யாரு குடியைக் கெடுத்தாரோன்னு கெடப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா பதில் வந்துருமேன்னு பயம். கடைசியில டீயாம்! இதுக்கு நான் எத்தனை உபவாசம் இருந்தேன் தெரியுமா? அத்தனையும் மஹ்ரூஸ் கடை டீக்கு!"

பொய்யை லபீப் தன் சட்டைப் பையில் மட்டுமே வைத்திருப்பதாக நினைத்திருந்தார். அது இவள் தலையணைக்கடியில் இருந்திருக்கிறது. பாவம் செய்தவன் நிம்மதியாகத் தூங்கினான். செய்யாதவள் விழித்துக் கிடந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தவர், கழுதையைப்போல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்து அபூனா பீமென் வேகமாக வந்தார். ஆறடி தள்ளி நின்றார்.

"பெரியம்மா, மூச்சு விட முடியுதா? சூப்புக்கு ருசி தெரியுதா?"

"எல்லாம் தெரியுது. உங்க பெரியப்பாவுக்குத்தான் உங்ககிட்ட ஏதோ பேசணுமாம் அபூனா" என்றாள் முனீரா. எழுந்து முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு எலுமிச்சை இலைகளை எண்ணுகிறவள்போல் நின்றாள்.

லபீப் எழுந்தார். மாஸ்க்கைச் சரிசெய்தார். கழுத்தைத் தடவினார். எலுமிச்சை மரத்தைப் பார்த்துச் சொன்னார். "என் பிதாவே... நான் பாவி."

"என்ன சொன்னீங்க பெரியப்பா? மாஸ்க்குல கேக்கல."

"நான் பாவின்னேன்!"

வாசலில் நின்ற ரத்தீபா திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் முதுகைக் காட்டிக்கொண்டாள். ஆறடி தூரத்துக்கு எட்டும் குரலில், டீயும் பொய்யும் கைக்குட்டையும் மூக்கும் காதும் எல்லாம் வெளியே வந்தன. மரத்திலிருந்த புறாக்கள்கூட முழுவதையும் கேட்டன. அபூனா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

"ஏழு வருஷமா இந்த ஞாயிறு வருவீங்க, அடுத்த ஞாயிறு வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "ஆம்பளைங்க வரிசையில உங்க முகம் மட்டும் வராது. என்னடான்னு கூப்பிட்டுக் கேக்க வேண்டியது என் வேலை. எனக்குத் தைரியம் இல்ல. நீங்க வந்து உக்காந்தாலே காது வலிக்கிற மாதிரி இருக்கும்."

"எந்தக் காது?"

"இடது."

"இடதுதான்" என்றார் லபீப், தலையை ஆட்டி. "வலது கையால திருகினேன்."

அபூனா சிலுவையை மருந்துத் தண்ணீரால் துடைத்து, கையை முழுக்க நீட்டி, லபீப்பின் தலைக்கு நேரே பிடித்தார். பாவ மன்னிப்பு ஜெபத்தைச் சொன்னார். ஜெபம் முடிந்ததும் லபீப் அந்தக் கையைப் பார்த்தார். கொரோனா மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கு அதை உண்மையாகவே முத்தமிட்டிருப்பார். கொரோனா இல்லாதிருந்தால் பேச்சு இவ்வளவு தூரம் வந்தேயிராது. நெஞ்சில் கைவைத்து நன்றாகக் குனிந்தார். "சமாதானம், அபூனா" என்றார். 'அபூனா' என்ற வார்த்தை அவர் பல்லில் சிக்காமல் வந்தது அதுதான் முதல் தடவை.

"இனிமே டீ விஷயத்துல ஜாக்கிரதை, பெரியப்பா. அப்புறம் தண்டனையா, பெரியம்மா சொல்றதை ஒரு வாரம் எதிர்த்துப் பேசாம கேளுங்க."

"அது பாவத்தை விடப் பெருசா இருக்கே!"

ரத்தீபா சொன்னபடி இரண்டு வாரம் வீட்டில் கிடந்தார்கள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. லபீப் எதிர்த்துப் பேசாமல் இரண்டு சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்.

அதற்கு அடுத்த ஞாயிறு அதே மூன்றாவது வரிசை, அதே சிவப்பு டேப். "சமாதானத்தோடு வாழ்த்துங்கள்" என்ற குரல் வந்ததும் லபீப்தான் முதலில் திரும்பினார். முனீராவின் இரண்டு உள்ளங்கைகளிலும் தன் உள்ளங்கைகளை முழுசாக வைத்தார். கொஞ்சம் அதிக நேரம்தான் வைத்திருந்தார். பின்வரிசையில் ஒருவர் கனைத்தார். உடனே ரத்தீபா அவர் பக்கம் திரும்பினாள்.

பூசை முடிந்து முற்றத்துக்கு வந்தபோது டீயில்லாமல் லபீப்பின் தலை வெடித்துக்கொண்டிருந்தது. கண் தானாகப் பின்தெருப் பக்கம் போனது. முனீரா எலுமிச்சை மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திருகாமலே புதினா வாசம் வந்தது.

"நாலு கரண்டியா?" என்று கேட்டார் லபீப்.

"ரெண்டு. உங்களுக்குச் சர்க்கரைன்னு கோவில்லயே சொன்னீங்களே."

அவர் கையை நீட்டினார். அவள் பிளாஸ்க்கைக் கொடுக்கவில்லை. தானும் கையை நீட்டினாள்.

"மொதல்ல கைக்குட்டை."

லபீப் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை முகர்ந்து பார்க்கவில்லை, விரித்தும் பார்க்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை மெல்ல அழுத்தினாள். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "ஒரு முழுத் தொட்டிக்குக் காணும்" என்று சொல்லி, அதைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள்.